கம்பி கேட்டதும் கேளாததும்

மன்னன் யார்? ஏவன் பார்க்ஸ்டேலா? ஸ்ட்ரிங்கர் பெல்லா? மார்லோ ஸ்டான்ஃபீல்டா?

சென்ற ஞாயிறு மாலை நமது படிப்பகத்தில் எழுந்த வினா இது. எழுந்த வினா எளிதில் அமரவில்லை. ஒருவர் ஏவனின் வீரத்தைப் புகழ்ந்தார். வீரமா பெரிது, விவேகமன்றோ பெரிது என்று மறுத்து, ஸ்ட்ரிங்கர் பெல்லுக்கு வாகை சூட்டினார் மற்றொருவர். மார்லோவின் மௌனத்துக்கு முன் இருவரும் தூசு என்றார் மூன்றாமவர். பிறப்பால் வரும் பெருமையை மறுப்பவர்கள்தாம் அத்தனை பேரும். பெரியாரின் படத்துக்குக் கீழே அமர்ந்துதான் பேசினர். ஆயினும் போதைச் சரக்கு விற்கும் மூவரில் எவர் தலைக்கு முடி பொருந்தும் என்பதிலே முகம் சிவக்க மோதிக்கொண்டனர். நாமும் அங்கிருந்தோம், ஸ்ட்ரிங்கர் பெல்லுக்காக ஒருமுறை குரல் உயர்த்தவும் செய்தோம். மறைப்பானேன்!

‘தி வயர்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகத்தின் மாந்தர் இவர்கள். வயர் என்றால் கம்பி; இங்கே ஒட்டுக்கேட்கும் கம்பி. 2002-இல் தொடங்கி 2008-இல் நிறைவுற்றது. 5 பருவங்கள், 60 பகுதிகள். களம், மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோர் நகரம். ஆக்கியோன் டேவிட் சைமன், அந்நகரின் ‘பால்டிமோர் சன்’ நாளேட்டில் காவல்துறைச் செய்தியாளராக இருந்தவர். உடன் நின்ற எட் பர்ன்ஸ், கொலை வழக்குகளைத் துப்பறிந்துவிட்டுப் பிறகு பள்ளி ஆசிரியரானவர். 1984-இல் மெல்வின் வில்லியம்ஸ் என்ற போதை வணிகத் தலைவன் பிடிபட்டபோது, ஒட்டுக்கேட்டுப் பிடித்தவர்களில் இந்தப் பர்ன்ஸும் ஒருவர். சிறை மீண்ட அதே வில்லியம்ஸ், பின்னாளில் இதே நாடகத்தில் தேவாலயத் தொண்டராக வேடம் பூண்டு வந்தார்! பிடித்தவரும் பிடிபட்டவரும் ஒரே கலைப்படைப்பில் கூடி நின்ற விந்தை வேறெங்கே காணக் கிடைக்கும்?

மன்னன் யார் என்ற வினாவுக்கு நாடகமே முதற் பருவத்தில் விடை தந்துவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நடுவே, கிழிந்த சோபாவொன்றில் இரண்டு சிறுவர்கள் அமர்ந்திருக்கின்றனர். சதுரங்கப் பலகை இருக்கிறது, ஆடத் தெரியவில்லை. ஏவனின் உறவினன் டி’ஏஞ்சலோ கற்றுத் தருகிறான். அரசன் அரசனாகவே இருப்பான். காலாட்கள் முதலில் மடிவர் என்கிறான். எதிர்ப்புறம் போய்ச் சேர்ந்துவிட்ட காலாளின் கதி என்ன என்று கேட்கிறான் சிறுவன் போடி. கேட்டவன் கண்ணிலே ஆசை! ஆனால் அங்கிருந்த மூவரில் வாலஸ் முதற் பருவத்திலே மடிகிறான். டி’ஏஞ்சலோ இரண்டாம் பருவத்திலே சிறைக்குள் மடிகிறான். போடி நான்காம் பருவத்திலே, தான் நின்று சரக்கு விற்ற தெருமுனையிலேயே மடிகிறான். எதிர்ப்புறம் எவனும் போய்ச் சேரவில்லை.

சரி, மன்னர்களாவது வாழ்ந்தார்களா? ஏவனைக் காவலர்க்குக் காட்டிக்கொடுத்தவன் உயிர்த்தோழன் ஸ்ட்ரிங்கர். ஸ்ட்ரிங்கரைக் கொலைஞர்க்குக் காட்டிக்கொடுத்தவன் உயிர்த்தோழன் ஏவன். ஒருவரையொருவர் விற்ற அந்த நாள்களிலேதான் இருவரும் மாடத்தில் நின்று இளமைக்கால நினைவுகளைப் பேசிச் சிரிக்கின்றனர். அக்காட்சியைக் கண்டபின்னும் ‘தலைவன்’ என்று இவர்களைக் கொண்டாட எப்படித்தான் மனம் வருகிறதோ!

ஸ்ட்ரிங்கர் பெல் கல்லூரியில் பொருளியல் பயின்றான். கூட்டம் நடத்தும் நெறிமுறைகளைத் தன் கும்பலுக்குக் கற்பித்தான். இறந்த பின் அவன் வீட்டு அலமாரியில் ஆடம் ஸ்மித்தின் நூல் இருந்தது. இவற்றைச் சொல்லியே நண்பர்கள் வியக்கின்றனர். நாமும் அதைச் சொல்லித்தான் குரல் உயர்த்தினோம். பிறகு வீடு திரும்பும் வழியிலே எண்ணிப் பார்த்தோம். பதினாறு வயது வாலஸைக் கொல்லச் சொன்னவன் யார்? அந்தப் பொருளியல் மாணவன்தான். பழிதீர்ப்பதற்காக அன்று, கணக்குப் பார்த்துச் சொன்னான். சட்டைப் பொத்தானைச் சரிசெய்து கட்டடத் தொழிலதிபராகப் போய் நின்றபோதோ, கிளே டேவிஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் அவன் பணத்தை நோகாமல் கறந்துகொண்டு அனுப்பிவிட்டார். தெருமுனைக் கொள்ளையனைவிடப் பெரிய கொள்ளையர் எங்கே அமர்ந்திருக்கின்றனர் என்பதை இதைவிடத் தெளிவாக எவர் சொல்ல முடியும்?

அன்று படிப்பகத்தில் இன்னொரு கட்சியும் இருந்தது. அவர்கள் மன்னர் பக்கம் அல்லர். ஒட்டுக்கேட்கும் காவலர் பக்கம். லெஸ்டர் ஃப்ரீமன் என்ற முதிய துப்பறிவாளரின் பொறுமையே அவர்கட்குக் காவியம். அந்தப் பொறுமையின் அழகை நாமும் ஒப்புகிறோம். ஏவனின் நிழற்படம் ஒன்றுகூடக் காவல்துறையிடம் இல்லாதபோது, பழைய குத்துச்சண்டைப் போட்டியின் விளம்பரத் தாளைத் தேடிப்பிடித்துக் கொண்டுவருகிறார் அம்மனிதர். கும்பல் பேஜரில் அனுப்பும் எண்கள் யாவும் மறைமொழி. தொலைபேசியின் எண்பலகையில் 5-ஐத் தாண்டி எதிர்ப்புறம் நிற்கும் எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்வதுதான் அம்மறைமொழியின் சூத்திரம். இளம் காவலர் ஒருவர் அதைக் கண்டுபிடிக்கும் காட்சி, துப்பறியும் கதைகளைப் படித்து வளர்ந்தோர்க்குத் தேன்.

ஆனால், “குற்றமற்றவன் ஒட்டுக்கேட்புக்கு ஏன் அஞ்ச வேண்டும்?” என்று ஒரு நண்பர் கேட்டாரே, அங்கேதான் நமக்கு நெருடியது. இந்த வினா புதிதன்று. அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்த காலத்தில், சியாட்டில் நகரத்தில் ராய் ஓம்ஸ்டெட் என்பவர் கள்ளச் சாராய வணிகத்தின் மன்னராக விளங்கினார். முன்பு அவரே காவல் அதிகாரி! அவர் தொலைபேசிக் கம்பியைத் தொட்டு ஒட்டுக்கேட்டது முறையா என்ற வழக்கில், 1928-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வீட்டுக்குள் நுழையாமல் வெளியே கம்பியைத் தொட்டால் அது சோதனை ஆகாது என்று 5-க்கு 4 என்ற கணக்கில் கூறிற்று. நீதிபதி பிராண்டைஸ் மறுத்து எழுதினார். அவரது மறுப்பு வெல்ல 39 ஆண்டுகள் ஆயின. 1967-இல், பொதுத் தொலைபேசிக் கூண்டில் நின்று சூதாட்டச் செய்தி பேசிய காட்ஸ் என்பவரின் வழக்கில் பழைய தீர்ப்பு வீழ்ந்தது. அரசியல் சட்டம் காப்பது சுவர்களை அல்ல, மனிதரை என்ற கருத்து நிலைபெற்றது. மறு ஆண்டே, 1968-இல், ஒட்டுக்கேட்புக்கு நடுவண் சட்டம் வந்தது. நீதிபதியின் ஆணை வேண்டும். மற்ற வழிகள் பயன்தரா என்று காட்ட வேண்டும். வழக்குக்குத் தொடர்பற்ற பேச்சு வந்தால் கேட்பதை நிறுத்த வேண்டும். ‘தி வயர்’ நாடகத்தில் காவலர் கூரைமேல் ஏறி, பொதுத் தொலைபேசியில் பேசுவோன் கும்பலைச் சேர்ந்தவன்தானா என்று கண்ணால் பார்த்த பின்னரே மற்றவர் செவிப்பொறியை மாட்டுகின்றனரே, அது இந்தச் சட்டத்தின் விளைவு. அந்த உரிமையை வென்று தந்த வழக்குகள், ஒரு சாராய வணிகரிடமும் ஒரு சூதாடியிடமும் தொடங்கின என்பதை நண்பர் நினைவில் வைக்க வேண்டும். காவலர் செவி முதலில் குற்றவாளியின் வாசலில்தான் வைக்கப்படும். வேறு எவர் வாசலில் வைத்தாலும் ஊர் எதிர்க்குமன்றோ!

சரி, சட்டப்படியே கேட்டார்கள். கேட்டு என்ன கண்டார்கள்? சரக்கின் வழியைத் தொடர்ந்தால் சில்லறை விற்போன் அகப்படுகிறான். பணத்தின் வழியைத் தொடர்ந்தால் அரசியல் தலைவரின் கார் ஓட்டி பணப்பையோடு அகப்படுகிறான். உடனே மேலிடத்திலிருந்து ஆணை வருகிறது: பையைத் திருப்பிக் கொடு, செவியை மூடு! ஐந்தாம் பருவத்தில் இன்னும் கொடுமை. ஒட்டுக்கேட்கப் பணமில்லை என்று மேலிடம் கைவிரிக்க, மெக்நல்டி என்னும் துப்பறிவாளர் வீடற்றோரைக் கொல்லும் கொலைகாரன் ஒருவனைக் கற்பனையாகப் படைத்து, அந்தப் பொய்யின் பேரால் பணம் பெறுகிறார். உண்மையில் நடந்த கொலைகளுக்குக் கிடைக்காத பணம், நடவாத கொலைகளுக்குக் கிடைக்கிறது! முடிவு? முறைகேடாகக் கேட்டதால் வழக்கு குலைந்து, மார்லோ சிறை புகாமல் நடந்து போகிறான்.

இவ்வளவு கேட்ட கம்பி கேளாதது ஒன்றுண்டு. வாலஸ் ஒரு பாழ்வீட்டில் ஆதரவற்ற சிறு குழந்தைகளை வைத்துக் காப்பாற்றுகிறான். ஒரு குழந்தைக்குப் பள்ளிக் கணக்கு வரவில்லை. பேருந்தில் ஏறியோர் எத்தனை, இறங்கியோர் எத்தனை என்ற கணக்கு. அதையே சரக்குக் குப்பிகளின் கணக்காக மாற்றிக் கேட்கிறான். குழந்தை நொடியில் விடை சொல்லிவிடுகிறது. அது எப்படி வருகிறது என்றால், சரக்குக் கணக்குத் தவறினால் அடி விழும் என்கிறது. கரும்பலகையின் முன் நிற்கும் நமக்கு அந்தக் காட்சிக்குப் பின் உறக்கம் வரவில்லை. அறிவில்லாத குழந்தை அன்று. அறிவைக் கேட்டு வாங்கியது பள்ளி அல்ல, தெருமுனை! இதே பால்டிமோரில்தான் அடிமைச் சிறுவனாக இருந்த ஃபிரெடரிக் டக்ளஸ், எசமானனின் தடையை மீறி எழுத்துக் கற்றார். 1838-இல் அங்கிருந்தே தப்பி விடுதலை கண்டார்.

அந்தத் தெருமுனைகள் தாமாக முளைத்தனவா? 1910-இல், கறுப்பின வழக்கறிஞர் ஒருவர் வெள்ளையர் தெருவில் குடியேறினார் என்பதற்காக, தெருத்தெருவாக நிறம் பிரிக்கும் சட்டம் இயற்றிய நகரம் பால்டிமோர். அமெரிக்காவிலேயே அத்தகைய முதல் நகரச் சட்டம் அதுதான். 1917-இல் உச்ச நீதிமன்றம் அவ்வகைச் சட்டங்களைச் செல்லாது என்றது. ஆயினும் 1930-களில் வீட்டுக்கடன் வரைபடங்கள் அதே வேலையைச் சிவப்பு மையால் செய்தன. 1986-இல் வந்த போதைத் தடுப்புச் சட்டமோ, ஏழைக் கறுப்பினத்தவர் தெருவில் புழங்கிய கிராக் வகைக்கு, அதே கொக்கைனின் தூள் வகையைவிட 100 மடங்கு கடுமை காட்டியது. 5 கிராம் கிராக்குக்கு விழுந்த தண்டனை விழ, தூள் 500 கிராம் வேண்டியிருந்தது. 2010-இல்தான் அந்த விகிதம் 18 மடங்காகக் குறைந்தது. எந்தத் தொலைபேசியை ஒட்டுக்கேட்டாலும் இவை காதில் விழா.

இதுவரை நாம் சொன்னவற்றில் பெரும்பகுதி நாடகத்துக்குப் புகழ்தான். இனிக் குறை. தாம் ஷேக்ஸ்பியரின் வழியில் அல்ல, கிரேக்க அவலநாடகத்தின் வழியில் சென்றதாகச் சைமன் கூறியிருக்கிறார். அங்கே கடவுளர் மனிதரைப் பந்தாடினர். இங்கே காவல்துறை, நகராட்சி, பள்ளி, செய்தித்தாள் ஆகிய அமைப்புகள் அந்தக் கடவுளரின் இடத்தில் அமர்ந்து பந்தாடுகின்றன. கடவுளின் முகமூடியைக் கழற்றி, உள்ளே இருப்பது மனிதன் கட்டிய அமைப்பே என்று காட்டியமைக்கு நன்றி. ஆனால் கழற்றிய பின்னும் அதற்குத் தலைவணங்குவதேன்? இறுதிப் பகுதியில் மைக்கேல் என்ற சிறுவன் துப்பாக்கியேந்திப் புதிய கொள்ளைக்காரனாகிறான். டுக்வான் என்ற சிறுவன் போதைக்கு அடிமையாகிறான். பழைய நாற்காலிகளில் புதிய ஆட்கள் அமர்கின்றனர். சக்கரம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதைத்தானே நம் பாட்டிமார் தலையெழுத்து என்றனர்? பிரமனை நீக்கிவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொள்வதா பகுத்தறிவு?

எதிர்ப்போர் நாடகத்தில் அறவே இல்லை என்று சொல்லமாட்டோம். இரண்டாம் பருவத்தில் துறைமுகத் தொழிலாளர் சங்கம் வருகிறது. தலைவர் கொல்லப்பட, சங்கம் சிதைகிறது. மூன்றாம் பருவத்தில் குடியிருப்போர் கூட்டம் வருகிறது, முறையிடுகின்றனர், கலைகின்றனர். திரண்டு நின்று வென்றார்கள் என்ற செய்தி மட்டும் வருவதில்லை.

நாடகம் முடிந்த பின் அந்நகரில் நடந்ததைப் பாருங்கள். சட்டவிரோதத் துப்பாக்கிகளைக் கைப்பற்ற அமைத்த தனிப்படைக் காவலர்களே மக்களைக் கொள்ளையிட்டதாக 2017-இல் கைதாயினர். அந்தக் கள்ளம் வெளிப்பட்டது எவ்வாறு? போதைக் கும்பலொன்றின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டபோது, தனிப்படைக் காவலர் ஒருவரின் குரலே அதில் கேட்டது! 2016-இல், நகருக்கு மேலே விமானம் பறந்து நடமாட்டம் அனைத்தையும் படமெடுத்தது மக்களுக்குத் தெரியாமலே நடந்தது என்று அம்பலமாயிற்று. 2020-இல் அதே திட்டம் வெளிப்படையாகவே மீண்டும் பறந்தது. கம்பி போய் வானம் வந்தது. ஏவனின் தொலைபேசியைக் கேட்க ஒரு நீதிபதியின் கையெழுத்து வேண்டியிருந்த நகரில், தெருவில் நடந்த அனைவரையும் படமெடுக்க எவர் கையெழுத்தும் வேண்டியிருக்கவில்லை.

‘அழகிய போராட்டத்தின் தலைவர்கள்’ என்று பெயர் சூட்டிக்கொண்ட பால்டிமோர்க் கறுப்பின மக்கள் இயக்கம் வழக்குத் தொடுத்தது. முதலில் தோற்றனர். மேல்முறையீட்டிலும் மூவர் அமர்வில் தோற்றனர். 2021 பிப்ரவரியில் நகராட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது. வழக்கு முடிந்ததென்று அவர்கள் வீடு திரும்பவில்லை. 2021 ஜூன் 24 அன்று முழு அமர்வு 8-க்கு 7 என்ற கணக்கில், அந்த வானத்துக் கண் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று கூறியது.

வரும் ஞாயிறு படிப்பகத்தில் நான்காம் பருவத்தைத் திரையிடுகின்றனர். பள்ளிக்கூடத்தின் கதை அது. மன்னர்களைப் பற்றிய வாதம் தொடருமாயின், இந்த வழக்கின் கதையையும் அங்கே சொல்வதாக இருக்கிறோம்.