புத்திர பௌத்திர பாரம்பரியமாய்

திருவானைக்காவலில் நான் வாங்கிய வீடு 610 சதுர அடி. இருபது வருடப் பழைய அடுக்ககத்தில் இரண்டாம் மாடி. விலை 27 லட்சம். ஜன்னலைத் திறந்தால் ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பேருந்தின் ஹாரன் உள்ளே வந்துவிடும். அம்மாவும் நானும் வசிக்க இது போதும்.

முதலில் தேடியது ஸ்ரீரங்கத்தில்தான். சித்திரை வீதிப் பக்கம் பிடித்துப்போன வீட்டுக்கு அடிமனைச் சிக்கல் இருந்தது. கட்டடம் விற்பவருடையது, அது நிற்கிற மண் கோயிலுடையது என்று உரிமை கோரப்படுவதால் பத்திரம் பதிவாகாது என்றார்கள். அடுத்த இடத்தில் "சைவம் மட்டும்" என்றார்கள். நான் மீன் சாப்பிடுகிறவள். மூன்றாவது இடத்தில் தரகர் என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடிவிட்டு, "சார் வரலீங்களா மேடம்?" என்று கேட்டார். என் கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. குழந்தைகள் இல்லை.

நான் எழுத வந்தது இந்த அலைச்சலைப் பற்றி அல்ல, ஒரு பிரதியைப் பற்றி. இருபது வருடமாகக் கவிதையையும் நாவலையும் சொல் சொல்லாகப் பிரித்துப் பாடம் நடத்துகிறேன். என் வாழ்நாள் சம்பாத்தியம் முழுவதும் அடங்கிய கிரையப் பத்திரத்தை மட்டும் அப்படி வாசிக்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை. பத்திர எழுத்தர் நகலை நீட்டியபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. சொத்தை நான் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்' ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டுமாம். பின்பாதி தானம், பரிமாற்றம், விற்பனை மூன்றையும் செய்ய எனக்கு உரிமை தருகிறது. முன்பாதியோ மகன், மகனின் மகன் என்று இறங்குகிறது. விலை கொடுத்தவள் பெண், கையெழுத்துப் போடுகிறவள் பெண், ஆனால் அவளுக்குப் பின்னால் வருகிற வரிசையில் ஒரு பெண்கூட இல்லை.

"இதை மாத்தி எழுத முடியுமாய்யா?" என்றேன். "மாமூல் வாசகம்மா. எல்லாப் பத்திரத்துலயும் வரும். சட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 14ஆம் பிரிவில், பெண்ணின் சொத்தை அவளுடைய முழு உரிமை என்கிறது. பத்திரத்தின் பழைய சமஸ்கிருத அடுக்கு அதைக் குறைத்துவிட முடியாது. ஆனால் அதே சட்டத்தின் 15ஆம் பிரிவை வாசித்தால் 'மாமூல்' என்ற சொல் வேறு மாதிரி கேட்கிறது. உயில் எழுதாமல் இறக்கும் இந்துப் பெண்ணின் சொத்து முதலில் மகன், மகள், கணவருக்குப் போகும். இவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். அவளைப் பெற்றவர்கள் அதற்கும் அடுத்த வரிசையில்தான் நிற்கிறார்கள். பெற்றோர் வழியில் வந்த சொத்துக்கு விலக்கு உண்டு, சொந்தச் சம்பாத்தியத்துக்கு இல்லை. புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, பிறந்த வீட்டின் ஆதரவில் படித்து வேலைக்குப் போன ஒரு கைம்பெண்ணின் சேமிப்பு கணவர் வழியினருக்கே சேரும் என்று, 2009இல் ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருடைய தாய்தான் அந்தச் சொத்துக்கு உரிமை கோரியவர்.

தகப்பன் சொத்தில் பங்கு கேட்டு நாம் நெடுங்காலம் போராடியிருக்கிறோம். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டோம். 1989இல் தமிழ்நாட்டில் சட்டமானது. நமக்கு வருவதைப் பற்றிப் பேசிய அளவுக்கு, நாம் சம்பாதித்தது எங்கே போகிறது என்று பேசியிருக்கிறோமா?

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். ராஜஸ்தானில் பெரிய வீடு, அதன் மூலையில் இருட்டுச் சமையலறை. மருமகள் மீனாட்சி சமையலறைக்கு வெளியே இருக்கும் தாழ்வாரத்தை விரிவாக்கலாமே என்று யோசனை சொல்கிறாள். பதிலாக அங்கே துணி உலர்த்த நைலான் கயிறுகள் வருகின்றன. இருந்த மலைக்காட்சியும் ஈரத்துணிகளுக்குப் பின்னால் மறைகிறது. வகுப்பில் இதைச் சமையலறை பற்றிய கதையாகவே நடத்திவந்தேன். இப்போது வாசிக்கையில், வீட்டை மாற்றச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதுதான் கதை என்று படுகிறது. அந்தப் பெண்களின் பெயரில் அந்த வீட்டின் ஒரு செங்கல்கூட இல்லை.

பெயர் இருந்தால் மட்டும் போதுமா? இந்த மாவட்டத்தின் முசிறியில் 1925இல் பிறந்த ராஜம் கிருஷ்ணன் உப்பளத்துப் பெண்களையும் வயல்வெளிப் பெண்களையும் நேரில் போய்ப் பார்த்து எழுதியவர். குழந்தைகள் இல்லை. கணவர் மறைந்த பிறகு, முதுமையில் சொந்த வீடின்றி ஆதரவற்றோருக்கான இல்லத்தில் இருந்தார். 2014இல் இறந்தார். அவர் நாவல்களைப் பாடமாக வைத்திருக்கும் நாம் அவருடைய கடைசி வருடங்களையும் பாடமாக வாசிக்க வேண்டும்.

பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைப்பு என்று தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் முதல் சலுகை தருகிறது. நல்ல காரியம். உச்சவரம்பு 10 லட்சம். திருச்சியில் பேருந்து போகிற தெருவில் அந்த விலைக்கு ஓர் அடுக்கக வீட்டைக் காட்டுங்கள் பார்ப்போம்.

எழுத்தர் கடைசியில் இறங்கிவந்தார். 'தாங்களும் தங்களுக்குப் பின் தங்கள் வாரிசுகளும்' என்று மாற்றித் தட்டச்சு செய்தார். பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்ட பிறகுதான் கவனித்தேன்: நான்காம் பக்கத்தில் அந்தப் பழைய வரி இன்னொரு முறை அப்படியே இருந்தது. விற்பவர் சென்னைக்கு ரயில் பிடிக்க வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மறுவாரம் உயில் எழுதினேன். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும். வீடு அம்மாவுக்கு, அம்மாவுக்குப் பின் என் தங்கை மகளுக்கு. ஒன்றரைப் பக்கம், முழுவதும் நானே எழுதிய தமிழ். நான் எழுதியவற்றில் அதிகத் திருத்தங்கள் கண்டது அதுதான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்துவிட்டு, "என் பேரு முதல்ல வருதே" என்றாள்.