சுத்தியலும் நகையும்: திரைப்படங்களில் பணியிட விபத்து நகைச்சுவை – ஒரு மெய்ப்பாட்டியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கருவிகளைக் கவனமின்றிக் கையாள்வதால் நேரும் பணியிட விபத்துகள் திரைப்படங்களில் நகைச்சுவையாகக் காட்டப்படுகின்றன. துன்பத்துக்குரிய ஒரு நிகழ்வு எவ்வாறு நகைக்குரியதாகிறது, அந்நகை விபத்தின் காரணத்தை யாரிடம் வைக்கிறது என்னும் இரு வினாக்களைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணையோடு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, நகை, அழுகை, பேதைமை, மடன், பணியிட விபத்து, திரை நகைச்சுவை.

முன்னுரை

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலிலும் அழுகையை அதனை அடுத்தும் தொல்காப்பியர் வைக்கிறார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன நகையின் நிலைக்களன்கள். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அழுகையின் நிலைக்களன்கள். பணியிட விபத்து இவ்விரு மெய்ப்பாடுகளின் எல்லையில் நிற்கும் நிகழ்வாகும். விபத்துக்கு முந்திய செயலை மட்டும் நோக்கினால் பேதைமை தெரியும். பிந்திய விளைவை நோக்கினால் இழவும் வறுமையும் தெரியும். நகைச்சுவைக் காட்சி முன்னதைக் காட்டிப் பின்னதை மறைக்கிறது. ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984), ‘ஃபிரண்ட்ஸ்’ (2001) ஆகிய தமிழ்த் திரைப்படங்களின் காட்சிகளும், ஒப்பீட்டுக்காகச் சார்லி சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ (1936) திரைப்படமும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

பேதைமையும் மடனும்

பெட்ரோமாக்ஸ் விளக்கு, அழுத்தத்தால் மேலேறும் மண்ணெண்ணெய் ஆவியாகி எரிய, அவ்வெப்பத்தால் மேண்டில் ஒளிரும் கருவி. ஒருமுறை எரிந்த மேண்டில் சாம்பல் போன்று நொறுங்கும் தன்மையது. ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் திரியில்லாத விளக்கு எவ்வாறு எரிகிறது என்று செந்தில் வினவ, கவுண்டமணி மேண்டிலைக் காட்டி விளக்குகிறார். செந்திலின் கைபட்டு அது பொடிந்துபோகிறது. இங்கு நகை பேதைமையில் பிறக்கிறது. எனினும் அப்பேதைமை முற்றான அறிவின்மை அன்று. கருவி இயங்கும் முறையை அறிய விரும்பும் ஒருவனின் வினா அதில் உள்ளது. அவ்வினாவுக்குக் கிடைத்த விளக்கத்தில், தொட்டால் நொறுங்கும் என்னும் எச்சரிக்கை முன்னதாகவே இடம்பெறவில்லை.

மடன் என்பதைப் பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாமை என உரைமரபு விளக்கும். சித்திக் இயக்கிய ‘ஃபிரண்ட்ஸ்’, 1999இல் அவரே மலையாளத்தில் இயக்கிய படத்தின் மறுவாக்கம். இதில் வடிவேலு ஏற்ற நேசமணி, மாளிகை ஒன்றுக்கு வண்ணம் பூசும் பணியை மேற்கொண்ட கான்ட்ராக்டர். தேவையுள்ள ஆணி எது, தேவையற்ற ஆணி எது என்னும் குழப்பத்தைச் சுற்றி நிகழும் புகழ்பெற்ற உரையாடல் மடனுக்குத் தக்க சான்றாகும். பணியாளர் கட்டளையின் சொல்லைப் பற்றிக்கொள்கின்றனர். கட்டளையிட்டவரோ அதன் எல்லையை வரையறுக்கவில்லை. காட்சி பணியாளரின் மடனைக் காட்டுகிறது. கட்டளையின் தெளிவின்மை நம் கண்ணில் படாமலே கடந்துபோகிறது.

விழும் சுத்தியலும் எள்ளலும்

கிருஷ்ணமூர்த்தியின் (ரமேஷ் கண்ணா) கையிலிருந்து நழுவிய சுத்தியல் கீழே நிற்கும் நேசமணியின் தலையில் விழுகிறது. ஒரு கிலோ எடையுள்ள சுத்தியல் 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், விநாடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வேகத்தில் தலையைத் தாக்கும். தலைக்கவசமின்றி அதைத் தாங்குவது உயிருக்கே ஆபத்தானது. அந்த விளைவைக் காட்சி நீக்கிவிடுவதால்தான் நாம் நகைக்கிறோம்.

ஆனால் நகைக்கு அது மட்டும் காரணமன்று. அடிபடுபவர் யார் என்பதும் காரணமே. கட்டுமானப் பணியிடத்தில் மேலிருந்து விழும் பொருள் பெரும்பாலும் கீழே வேலை செய்யும் தொழிலாளியின் தலையில்தான் விழும். திரையிலோ அது ஏவுபவரின் தலையில் விழுகிறது. பெட்ரோமாக்ஸ் காட்சியிலும் இழப்பு கடைக்காரருக்கே. நடைமுறையில் கீழ்நோக்கிச் செல்லும் இழப்பு நகைச்சுவையில் மேல்நோக்கிச் செல்கிறது. இத்தலைகீழாக்கமே எள்ளலின் ஊற்று. இக்காட்சிகள் மீண்டும் மீண்டும் விரும்பிப் பார்க்கப்படுவதற்கும் அதுவே காரணம் எனலாம்.

இத்தலைகீழாக்கத்துக்கு ஒரு விலை உண்டு. ஏவுபவரை அடிக்கும் வாய்ப்பைப் பெறுவதற்குத் தொழிலாளி தன் அறிவை இழக்க வேண்டியிருக்கிறது. அவர் அறிந்து அடித்தால் அது வெகுளி. அறியாது அடித்தால்தான் நகை. எனவே ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் அவரது கவனக்குறைவு என்னும் முடிவை நகை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறது.

காரணம் யாரிடம்?

இம்முடிவு திரைக்கு மட்டும் உரியதன்று. 1931இல் வெளிவந்த தம் நூலில் எச்.டபிள்யூ. ஹென்ரிச், தொழில் விபத்துகளில் 88 விழுக்காடு மனிதரின் பாதுகாப்பற்ற செயல்களால் நேர்வன என்றார். பின்னாளில் கடும் மறுப்புக்குள்ளான இக்கருத்து, ஏவுபவரின் பொறுப்பைத் தொழிலாளியின் கவனக்குறைவுக்குப் பின்னே மறைக்க உதவியது. கட்டுமானத் தொழிலாளர்க்கென இந்தியாவில் தனிச்சட்டம் 1996இல் இயற்றப்பட்டது. அதற்கு ஐந்தாண்டுகள் பின்னர் வந்த ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தின் காட்சியில் தலைக்கவசம் இல்லாமையை நாம் ஒரு குறையாகவே உணர்வதில்லை.

நகைச்சுவையிடம் பாதுகாப்புப் பாடத்தை எதிர்பார்ப்பது முறையா என்னும் மறுப்பு எழலாம். ‘மாடர்ன் டைம்ஸ்’ அதற்கு விடை தருகிறது. அதில் நகரும் பட்டையில் வரும் பொருள்களின் மறைகளை முடுக்கும் தொழிலாளி, பட்டையின் விரைவு கூட்டப்படக் கூட்டப்பட நிலைகுலைந்து, இயந்திரத்தின் பற்சக்கரங்களுக்குள்ளேயே சென்றுவிடுகிறார். உணவு இடைவேளையின் நேரத்தை மிச்சப்படுத்தக் கொணரப்பட்ட ஊட்டும் இயந்திரம் பழுதுபட்டு அவரைத் தாக்குகிறது. பின்னொரு காட்சியில், இயந்திரத்தில் சிக்கிய மூத்த தொழிலாளிக்கு, இடைவேளை வந்துவிட்டதால், சிக்கிய நிலையிலேயே சாப்ளின் உணவூட்டுகிறார். இங்கும் பேதைமை உண்டு, நகையும் குறையவில்லை. ஆனால் விரைவைக் கூட்ட ஆணையிடுபவர் திரையிலேயே காட்டப்படுகிறார். காரணம் தெரிவதால் நகை மெலியவில்லை. மாறாக, அழுகையின் நிலைக்களன்களுள் ஒன்றான இளிவு அதனூடே புலப்படுகிறது.

முடிவுரை

2019 மே மாதத்தில், சுத்தியலின் படத்தை இட்டு அதன் பெயரை வினவிய ஒரு சமூக ஊடகப் பதிவுக்குத் தமிழர் ஒருவர் நேசமணியை நினைவூட்டி விடையளிக்க, நேசமணி நலம்பெற வேண்டும் என்னும் வேடிக்கை வேண்டுதல் எங்கும் பரவியது. அழுகையின் வடிவில் வெளிப்பட்ட நகை அது. கற்பனைக் கான்ட்ராக்டரின் தலைக்காகத் திரண்ட அவ்வேண்டுதல், இவ்விரு மெய்ப்பாடுகளும் எவ்வளவு நெருங்கியவை என்பதை உணர்த்துகிறது. தமிழ்த் திரை நகைச்சுவை இழப்பின் திசையை மாற்றிக் காட்டும் துணிவைப் பெற்றிருக்கிறது. காரணத்தின் திசையை மாற்றிக் காட்டவில்லை. ‘கவனக்குறைவு’ என்னும் சொல்லைக் காட்சியின் தரவாகக் கொள்ளாமல், காட்சி அளிக்கும் தீர்ப்பாகக் கொண்டு ஆராய்வதே இத்துறை ஆய்வின் அடுத்த படியாக அமையும்.