மணிமுடி பொறித்த முகப்பு

பீங்கான் செய்யும் விருத்தாசலத்துக்காரர்களுக்கு மேற்பூச்சின் அருமை தெரியும். அந்தக் கண்ணோடு தரங்கம்பாடியின் புது எருசலேம் ஆலயத்தைப் பார்க்க வேண்டும். ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு 1707இல் இங்கே கட்டிய முதல் ஆலயம் சிறியது. சபை பெருகவே, 1718இல் இது எழுந்தது. தரைத்திட்டம் சிலுவை வடிவம். முகப்பின் வளைந்த விளிம்புகளும், அவரை இங்கே அனுப்பிய டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் பெயரெழுத்துகளும், மேலே மணிமுடியும் காரைப்பூச்சில் எழும்பி நிற்கின்றன. மாலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு மடிப்புக்கும் தனி நிழல். எவ்வளவு நிதானமான கரணை வேலை! திறப்பு விழா கண்ட சில மாதங்களிலேயே, 1719 பிப்ரவரியில், 36 வயதில் சீகன்பால்கு இறந்தார். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய அவரை, அவர் எழுப்பிய இந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். வழிபாடு இன்றும் நடக்கிறது.