மூடிதான் முக்கியம்: அடிவாரத்தில் ஒரு கெட்டில் கிரில்

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்னால் வரும் ஊர் அடிவாரம். விடுமுறை நாளில் இந்த வழியாக மலையேறும் கார்களில், பெட்டி படுக்கையோடு கரி கிரில்லும் ஏறத் தொடங்கிவிட்டது. சிக்கன் துண்டைச் சுட எந்த அடுப்பும் போதும். விலா எலும்புக் கறியை எலும்பிலிருந்து தானாகக் கழன்றுவரும் பதத்துக்கு வேகவைக்க முடிகிறதா என்பதுதான் ஒரு கிரில்லுக்கு உண்மையான சோதனை. 57 செ.மீ. விட்டமுள்ள, மூடி போட்ட கெட்டில் வகை கிரில் ஒன்றை அப்படித்தான் சோதித்தேன்.

இந்த வடிவம் பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் இதைப் பயன்படுத்துவது எளிது. 1952இல் சிகாகோ பக்கத்தில் வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், நீரில் மிதக்கவிடும் மிதவைக்கான உருண்டையைப் பாதியாக்கி, ஒரு பாதியை அடுப்பாகவும் மறு பாதியை மூடியாகவும் வைத்தார். திறந்த அடுப்பில் காற்றும் மழையும் தணலைப் பாழாக்கியதுதான் காரணம். அடிவாரத்திலும் அதே தொல்லை உண்டு. பொழுது சாய்ந்ததும் மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கீழே இறங்கும். திறந்த அடுப்பில் கரி அந்தக் காற்றில் திடீரென்று சீறி, வெளியே கருகி உள்ளே வேகாத கறியைத் தரும். மூடி போட்டதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. கீழ்த் துளையைக் காற்றடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, பாதி மூடிவைத்தால் சூடு ஒரே சீராக நிற்கிறது.

கறிக்கு வருவோம். கறிக்கடையில் விலாவை நெஞ்செலும்பு என்று கேட்டால் குழம்புக்குத் துண்டு போட்டுவிடுவார்கள். "வெட்டாம பட்டையா கொடுங்கண்ணா" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சேலம் மாவட்டத்து மேச்சேரிச் செம்மறி கறிக்குப் பெயர்போனது. பொட்டனேரியில் இந்த இனத்துக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. விலாப்பட்டையின் உள்பக்கத்து ஜவ்வை உரித்துவிட்டு, கல் உப்பு, பூண்டு, ஏற்காட்டு மிளகு தடவினால் போதும். வெல்லமும் புளியும் சேர்த்த பூச்சைக் கடைசிக் கால் மணி நேரத்தில்தான் தடவ வேண்டும். முன்னாலேயே பூசினால் வெல்லம் கருகிக் கசக்கும்.

விலாவில் சவ்வும் நாரும் அதிகம். அந்த நாரில் உள்ள கொலாஜன் உருகிப் பிசுபிசுப்பாக மாறக் கறியின் உட்சூடு 90 டிகிரி செல்சியஸ் வரை ஏற வேண்டும். அதுவும் மெதுவாக. கிரில்லுக்குள் 110 முதல் 130 டிகிரி, மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல். பலர் குக்கரில் நாலு விசில் விட்டுப் பிறகு சுடுகிறார்கள். கறி மெத்தென்று ஆகும், மறுக்கவில்லை. ஆனால் ருசியில் பாதி அந்தத் தண்ணீரில் போய்விடும். புகையும் உள்ளே ஏறாது. அது வேறு பண்டம்.

கரியை நடுவில் குவிக்காமல், ஓரத்தில் அரைவட்டமாக இரண்டு வரிசை அடுக்கி ஒரு முனையில் மட்டும் கங்கு வைத்தேன். தீ ஊர்ந்துகொண்டே போகும், அடிக்கடி கரி போட வேண்டியதில்லை. கறியைக் கரி இல்லாத பக்கம் வைத்து, அதன் கீழே தட்டில் தண்ணீர் வைப்பது கட்டாயம். கொழுப்பு தணலில் சொட்டாது, சூடும் ஏறி இறங்காது. சீமைக் கருவேலக் கரிதான் இதற்கு வாகு. டெக்சாஸ்காரர்கள் பார்பிக்யூவுக்கு விரும்பும் மெஸ்கீட்டும் சீமைக் கருவேலமும் நெருங்கிய உறவு மரங்கள்தாம். புகைக்கு, தோட்டத்தில் கவாத்து செய்து காயவைத்த காப்பிக் குச்சி இரண்டு துண்டு போதும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கவே கூடாது, மூடிக்குள் அந்த வாடை கறியில் ஒட்டிக்கொள்ளும்.

குறைகளும் உண்டு. மூடியில் பதித்த வெப்பமானி மேலே திரளும் காற்றின் சூட்டைத்தான் காட்டுகிறது, கறி இருக்கும் மட்டத்தின் சூட்டை அல்ல. கறியில் குத்திப் பார்க்கும் தனி வெப்பமானி வாங்கியே ஆக வேண்டும். கால்கள் மெல்லியவை, சமமில்லாத தரையில் ஆடுகின்றன. ஆறு பேருக்கு மேல் என்றால் கம்பித்தட்டில் ஒரே தடவையில் இடம் பற்றாது. பதம் பார்க்க ஒரு வழி: பட்டையின் ஒரு முனையை இடுக்கியால் தூக்கினால் அது தொங்கி வளைந்து, மேல்கறி விரிசல் விட வேண்டும்.

ஆண்டுக்கு ஓரிரு முறை சிக்கன் சுடுகிறவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. பொறுமையாக விலா வேகவைக்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம், ஆனால் மூடி இல்லாத மலிவுக் கிரில்லை வாங்காதீர்கள். இன்னொன்று, பங்குனி சித்திரையில் சேர்வராயன் மலைச்சரிவு காய்ந்து கிடக்கும், காட்டுத்தீ பிடிக்கும் காலம் அது. துளைகளை முழுக்க மூடித் தணலை அணைத்து, சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே கொட்டுங்கள்.