கடிகாரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்!

கைக்கடிகாரத்தின் முகத்தில் மயங்குகிறவர்கள் ஒரு ரகம். நான் முதுகைப் பார்த்து விழுந்தவன், அதுவும் கிளாஸ்ஹூட்டேயில் செய்த கடிகாரத்தின் முதுகை. விழுந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து சின்ன ரயிலில் மியூக்லிட்ஸ் ஆற்றையொட்டி மலைக்குள் போனால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அந்த ஊர் வந்துவிடும். இரண்டு பக்கமும் மலை, இடுக்கில் ஊர். பழைய ரயில் நிலையக் கட்டடத்திலேயே நோமோஸ் கம்பெனி இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் கிளாஸ்ஹூட்டே ஒரிஜினல், இன்னும் கொஞ்சம் நடந்தால் லாங்கே கம்பெனி. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடிகாரம்தான். என்னைப் போன்ற ஆளுக்குத் தலைகால் புரியுமா?

சுரங்கத் தொழில் படுத்துப்போய் வறுமையில் கிடந்த ஊர் இது. 1845 டிசம்பர் 7 அன்று ஃபெர்டினாண்ட் அடோல்ஃப் லாங்கே என்ற டிரெஸ்டன்காரர், சாக்சனி அரசிடம் கடன் வாங்கி, 15 பையன்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். தேறியவர்களைத் தன்னிடமே கட்டிப்போடாமல், ஆளுக்கொரு உறுப்பில் கைதேர்ந்து தனிப் பட்டறை வைக்கச் சொன்னார். ஊரே பட்டறையாயிற்று. மனிதர் 18 ஆண்டுகள் ஊர் மேயராகவும் இருந்தார்.

சரி, முதுகுக்கு வருகிறேன். வழக்கமாகக் கடிகாரத்துக்குள் பல்சக்கரங்களைத் தாங்கத் தனித்தனியாகச் சின்னச் சின்னப் பாலங்கள் வைப்பார்கள். லாங்கேயோ 1864-இல், முக்கால்வாசி இயந்திரத்தை மூடுகிற ஒரே தகட்டை வைத்தார். பல்சக்கர அச்சுகளையெல்லாம் ஒரே தகடு பிடித்திருப்பதால் எதுவும் இம்மியும் அசையாது. ஆனால் மாட்டுகிறவர் பாடு திண்டாட்டம். அத்தனை அச்சு நுனிகளும் ஒரே சமயத்தில் அதனதன் துளைக்குள் இறங்க வேண்டும். ஒன்று பிசகினாலும் தகட்டைத் தூக்கி மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். போதாக்குறைக்கு, அழகான சக்கரங்களெல்லாம் அதன் அடியில் மறைந்துபோகின்றன! சுவிஸ்காரர்கள் எடுத்துக் காட்டுவதை இவர்கள் மூடி வைக்கிறார்கள். இந்தப் பிடிவாதம்தான் எனக்குப் பிடித்தது.

தகடு ஜெர்மன் சில்வரில் செய்தது. நம் ஊர்க் கல்யாணங்களில் தாம்பூலத்தோடு அதே பேரில் தட்டு தருகிறார்களே! செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த அதில் வெள்ளி துளியும் கிடையாது. மேலே முலாம் பூசாமல் அப்படியே விடுவதால் விரல் பட்டாலே தடம் விழும். அதனால் லாங்கேயில் ஒவ்வொரு இயந்திரத்தையும் இரண்டு தடவை பூட்டுகிறார்கள். முதலில் பூட்டி, ஓட்டம் சரிபார்த்து, அக்கக்காகக் கழற்றி, துடைத்து, மெருகேற்றி, திரும்பவும் பூட்டுகிறார்கள். நீல ஸ்க்ரூக்கள் இந்த இரண்டாம் சுற்றில்தான் உள்ளே போகும்.

அந்த நீலம் பெயின்ட் இல்லை. எஃகைப் பக்குவமாகச் சூடாக்கினால் தானே ஏறுகிற நிறம். நண்பர் ஒருவரின் லாங்கே 1 மாடலைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஒரு கோணத்தில் ஸ்க்ரூ கன்னங்கறுப்பாக இருந்தது. மணிக்கட்டை லேசாகத் திருப்பியதும் மயில் கழுத்து நீலம்! அச்சுகளைத் தாங்கும் மாணிக்கக் கற்களைச் சுற்றித் தங்க வளையம். இன்றைய தொழில்நுட்பத்துக்கு அது தேவையா என்றால், இல்லை. இருந்துவிட்டுப் போகட்டுமே! ஓட்டத்தைச் சீராக்கும் பேலன்ஸ் சக்கரத்துக்கு மேலுள்ள துண்டு உலோகத்தில் கையாலேயே பூ செதுக்கியிருக்கிறார்கள். கையெழுத்தைப் போல ஆளுக்கு ஆள் அந்தப் பூ மாறும். செதுக்கியவர் யாரென்று சக தொழிலாளிகள் பார்த்ததுமே சொல்லிவிடுவார்களாம்.

முகத்தையும் அடியோடு ஒதுக்கிவிட முடியாது. லாங்கே 1-இல் தேதி இரண்டு ஜன்னல்களில் பெரிதாகத் தெரியும். டிரெஸ்டன் ஓபரா அரங்கில், மேடைக்கு மேலே எண்களால் மணி காட்டும் கடிகாரத்திலிருந்து பிறந்த யோசனை அது. அந்த அரங்கக் கடிகாரத்தைச் செய்தவர் ஃபெர்டினாண்ட் லாங்கேயின் குருவும் மாமனாருமான குட்கேஸ்.

இந்தக் கம்பெனியே நடுவில் இல்லாமல் போயிருந்தது. 1945 மே 8, ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்த நாளில் விழுந்த குண்டுகளில் லாங்கே தொழிற்கூடம் நாசமாயிற்று. ஊர் கிழக்கு ஜெர்மனிப் பக்கம் போனதால் 1948-இல் கம்பெனி அரசுடைமை. லாங்கே குடும்பத்து வால்டர் மேற்கு ஜெர்மனிக்குத் தப்பினார். ஊரில் அரசு ஆலை கடிகாரம் செய்துகொண்டுதான் இருந்தது. அந்த ஆலையின் ஸ்பெஸிமாடிக் கடிகாரத்தை மட்டமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். பெர்லின் சுவர் இடிந்தபின், 1990-இல், அதே டிசம்பர் 7 அன்று, 66 வயதில் வால்டர் கம்பெனியைத் திரும்பப் பதிவு செய்தார். கையில் ஒரு கடிகாரம்கூட இல்லை. கூட நின்றவர் கடிகாரத் துறை நிர்வாகி குந்தர் ப்ளூம்லைன். 1994 அக்டோபரில் டிரெஸ்டன் அரண்மனையில் நான்கு மாடல்களை வைத்தார்கள், உலகம் திரும்பிப் பார்த்தது.

1999-இல் வந்த லாங்கேயின் ஸ்டாப்வாட்ச் மாடலான டேட்டோகிராஃப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். ஸ்டாப்வாட்ச் உறுப்புகள் மேலே ஏறி உட்கார்ந்திருப்பதால், மூடி வைக்கிற கொள்கை அங்கே பறந்துவிட்டது. நெம்புகோல், சக்கரம், ஸ்பிரிங் என்று அடுக்கடுக்காக ஒரு குட்டி நகரம்!

விலையா? லாங்கே வாங்கும் பணத்தில் ஊர்ப்பக்கம் மனை வாங்கிப் போடலாம். நான் கட்டியிருப்பது நோமோஸ் டாங்கென்டே, தினமும் சாவி கொடுக்கிற கடிகாரம். இதிலும் முக்கால் தகடு உண்டு, நீல ஸ்க்ரூ உண்டு. பஸ்ஸில் யாராவது மணி கேட்டால் கழற்றித் திருப்பிக் காட்ட ஆரம்பித்துவிடுகிறேன். பாதிப் பேர் மணி தெரியாமலே இறங்கிப் போகிறார்கள்.