கேபிள் தேடும் நடை

சாலையில் பள்ளம் தோண்டும் முன் புதைந்த கேபிளைத் தேடும் ஆளைப் பார்த்தால் நான் நின்றுவிடுவேன். சுற்றிலும் ஹாரன் சத்தம்; அவரோ கையிலிருக்கும் லொகேட்டரின் இரைச்சலில் மட்டும் கவனமாக இருப்பார். மின்சாரம் ஓடும் கேபிளானால் அதன் 50 ஹெர்ட்ஸ் அதிர்வே வண்டுபோல ரீங்கரிக்கும். ஓடாத கேபிளுக்குத் தனிப் பெட்டியிலிருந்து அலை அனுப்ப வேண்டும். அதற்கு எர்த் கம்பியை மண்ணில் அடித்து, மண் காய்ந்திருந்தால் சுற்றிலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த ஈரம் பட்டதும் சிக்னல் தெளிவது எனக்குப் பிடித்த காட்சி.

பிறகுதான் அந்த நடை. கருவியை வீசி ஆட்டக்கூடாது. ஆட்டினால் அளவு பிசகும். நேராகப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல நகர்த்துகிறார். சத்தம் ஏறி, உச்சம் தொட்டு, இறங்குகிறது. அந்த உச்சத்திலேயே கருவியைத் திருப்பினால் கேபிளுக்குக் குறுக்கே இருக்கும்போது பலமாகவும், அதோடு ஒட்டித் திரும்பும்போது மங்கலாகவும் கேட்கும். கேபிள் போகும் திசை கிடைத்துவிடுகிறது. அவசரக்காரர் அங்கேயே கோடு போட்டுவிடுவார். தேர்ந்தவர் சத்தம் அடங்கும் முறைக்கு மாற்றி இன்னொரு தடவை தேடுவார். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டாவிட்டால், பக்கத்துக் கேபிளோ குழாயோ சிக்னலை இழுக்கிறது என்று புரிந்துகொண்டு, அலையைக் கொடுக்கும் இடத்தை மாற்றி மறுபடி தொடங்குவார். முகத்தில் சலிப்பே இருக்காது. திருப்தியான பிறகே சுண்ணாம்புக் கோடு. அதன் அருகே இயந்திரத்தை விடாமல், ஆட்கள் கையால் மண்ணை வழித்தெடுக்கிறார்கள்.