மூன்றாம் வகுப்பில் வராத உதவி

திருச்சிராப்பள்ளியில் சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகள் இரு வழிகளில் படிக்கிறார்கள். ஒன்று தனிப்பள்ளி; புத்தூரில் உள்ள பார்வையற்ற பெண்களுக்கான அரசு மேல்நிலைப்பள்ளி அந்த வகை. மற்றொன்று, ஸ்ரீரங்கத்திலோ உறையூரிலோ வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் உள்ளடக்கிய கல்வி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று.

கண்ணுக்குத் தெரியும் குறைபாடுகளுக்கு உள்ளடக்கிய கல்வி ஏற்பாடு உண்மையிலேயே கைகொடுக்கிறது. வட்டார வள மையங்கள் மருத்துவ முகாம் நடத்துகின்றன. இயன்முறைப் பயிற்சி தருகின்றன. சக்கர நாற்காலி, காதொலிக் கருவி வாங்கித் தருகின்றன. படுக்கையை விட்டு எழ முடியாத குழந்தையின் வீட்டுக்கே சிறப்புப் பயிற்றுநர் போகிறார். இது சிறிய சாதனை அல்ல.

கற்றல் குறைபாடு கண்ணுக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்புக் கரும்பலகையில் ‘கொடி’ என்று எழுதியிருக்கிறது. காதில் முதலில் விழுவது ககர ஒலி; கண்ணில் முதலில் படுவது ஒற்றைக் கொம்பு. கொம்பு, ககரம், கால் மூன்றையும் ஓர் ஒலியாகச் சேர்க்க வேண்டும். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள குழந்தை ‘கெடி’ என்றோ ‘காடி’ என்றோ படித்துவிட்டு விழிக்கும். அதே குழந்தையிடம் கதை சொல்லச் சொன்னால் ஒன்று விடாமல் சொல்லும். பள்ளி அதற்கு இடும் பெயர் ‘மெல்லக் கற்பவர்’. கிடைக்கும் மருந்து, மாலை வகுப்பும் அதே பாடத்தை மறுபடி எழுதுவதும். அது பயன் தராது. ஓசையைப் பிரித்துக் கேட்கப் பழக்கி, எழுத்தை விரலால் வரைய வைத்து, கண், காது, கை மூன்றையும் ஒருங்கே ஈடுபடுத்த வேண்டும். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகிய முறை இதற்கு வெகு அருகில் இருந்தது.

உதவி வருவது பத்தாம் வகுப்பில். பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. தேர்வு பயத்தில் உறைந்த பிள்ளைக்கு அவை பெரிய ஆறுதல். ஆனால் அவற்றுக்கு மருத்துவச் சான்று வேண்டும். விவரம் தெரிந்த பெற்றோரே அதற்காக அலைகிறார்கள். தினக்கூலி வீட்டுப் பிள்ளைக்கு அதுவும் எட்டுவதில்லை. தேர்வுக் கூடத்தின் சில மணி நேரத்துக்குக் கிடைக்கும் இந்த இரக்கம், அதற்கு முந்தைய ஆண்டுகளின் வகுப்பறைக்குக் கிடைக்கவில்லை என்பதே இந்த முறையின் பெருங்குறை. மொழி விலக்கோ, படிக்கக் கற்றுத்தர வேண்டிய கடமையையே விலக்கிவிடுகிறது.

தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற சிறப்பாசிரியர் விகிதத்தை, ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் இட்ட ஆணையை அடுத்து ஒன்றிய அரசு வகுத்தது. நடைமுறையில் ஒரே சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்குச் சுற்றி வருகிறார், நெடுங்காலமாகத் தொகுப்பூதியம்தான். அவர் இல்லாத நாட்களில் டிஸ்லெக்சியா உள்ள குழந்தை வகுப்பாசிரியரின் பொறுப்பு. ‘கெடி’ என்று படிப்பது சோம்பல் அல்ல என்று அவருக்குச் சொல்லித் தருபவர் யாருமில்லை. இத்தனைக்கும் சொல்லித்தரும் இடம் ஊரிலேயே இருக்கிறது: தெப்பக்குளம் அருகே ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியல் துறை இயங்குகிறது.